பால் பண்ணைக் கழிவுநீரைக் குழி தோண்டிப் புதைக்கச் சொல்லாதீர்கள்

பெறுநர்: பால் பண்ணைகளுக்கு அனுமதி தரும் அதிகாரிகள், கடனுக்கும் மானியத்துக்கும் மதிப்பீடு தயாரிக்கும் பொறியாளர்கள், கட்டி முடித்ததைப் பார்த்துக் கையெழுத்திடும் ஆய்வாளர்கள்.

அனுப்புநர்: கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் கறவை மாடு வைத்திருப்பவர்களும், பண்ணைகளுக்குத் தொட்டியும் வடிகாலும் கட்டித் தருகிறவர்களும்.

ஐயா, அம்மா,

பதினைந்து, இருபது மாடு கட்டும் பண்ணைக்கு நீங்கள் ஒப்புதல் தரும் வரைபடங்களில் கழிவுநீருக்கு ஒரே ஏற்பாடுதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு செப்டிக் டேங்க், பக்கத்தில் ஓட்டை போட்ட சிமென்ட் உறை இறக்கிய உறிஞ்சுகுழி. கட்டினால் கையெழுத்து கிடைக்கும். கட்டாவிட்டால் கோப்பு நகராது. இப்போது பழைய பண்ணைகளும் இதையே கட்ட வேண்டும் என்று நோட்டீஸ் வரத் தொடங்கியிருக்கிறது. கழிவுநீரைத் தெருச் சாக்கடையிலும் ஓடையிலும் விடக் கூடாது என்பதில் எங்களுக்கு மறுப்பே இல்லை. அதற்கு மாற்றாக நீங்கள் கட்டச் சொல்வது வேலை செய்யாது என்பதுதான் எங்கள் ஆட்சேபம். அது வேலை செய்யாமல் போகும்போது ஊர்க் கிணற்றையும் சேர்த்துக் கெடுக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நன்றாகத் தீனி தின்னும் கலப்பினப் பசு ஒன்று ஒரு நாளைக்கு 15 லிட்டர் அளவுக்கு மூத்திரம் விடும், 15 முதல் 20 கிலோ வரை சாணம் போடும். ஓஸ் பிடித்துத் தரை கழுவினால் மாட்டுக்கு 60 லிட்டர் தண்ணீர் சாதாரணமாகப் போய்விடும். மாட்டையும் குளிப்பாட்டினால் இன்னும் கூடும். குறைத்தே வைத்துக்கொண்டாலும் 20 மாட்டுக்கு மூத்திரம் 300 லிட்டர், கழுவிய நீர் 1,200 லிட்டர், ஆக நாளொன்றுக்கு 1,500 லிட்டர்.

உங்கள் வரைபடத்து உறிஞ்சுகுழி 5 அடி விட்டம், 10 அடி ஆழம். அதன் சுவர்ப் பரப்பு ஏறக்குறைய 14 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் மண் ஒரு நாளில் எத்தனை லிட்டர் செப்டிக் டேங்க் நீரைக் குடிக்கும் என்பதற்கு மத்திய அரசின் கழிவுநீர்ப் பொறியியல் கையேட்டிலேயே சூத்திரம் இருக்கிறது. சோதனைக் குழியில் தண்ணீர் 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறதோ அதன் வர்க்கமூலத்தால் 204ஐ வகுக்க வேண்டும். சுமாரான செம்மண்ணில் 25 நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். 204ஐ 5ஆல் வகுத்தால் 41 லிட்டர். 14 சதுர மீட்டருக்கு 574 லிட்டர். வரப்போவது 1,500 லிட்டர். முதல் நாளிலேயே குழிக்குத் தாங்கும் அளவைப் போல இரண்டரை மடங்கு. இதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தச் சூத்திரம் வீட்டுக் கழிவுநீருக்கு எழுதப்பட்டது. மாட்டுக் கொட்டகை நீருக்கு மண் அவ்வளவுகூட இடம் தராது.

பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசலில் கதை இன்னும் மோசம். ஈரம் பட்டதும் அந்த மண் ஊதி, வெடிப்பெல்லாம் அடைத்துக்கொள்ளும். 25 மில்லிமீட்டர் இறங்க 60 நிமிடத்துக்கு மேல் எடுக்கும் மண்ணில் செப்டிக் டேங்க் நீரை உள்ளே விடும் முறையே பொருந்தாது என்பது பொறியாளர்களுக்குத் தெரியும். செம்மண் தோட்டங்களிலோ நாலைந்து அடிக்குக் கீழே சுக்கான் (இறுகிய சுண்ணாம்புக் கல்) வரும், அதற்கும் கீழே பாறை. தமிழகத்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 73 விழுக்காடு கடினப் பாறை நிலம். எங்கள் மாவட்டங்கள் பெரும்பாலும் அதில்தான் அடங்குகின்றன. பாறையில் நீர் வடிகட்டப்படுவதில்லை. வெடிப்பு கிடைத்தால் அப்படியே ஓடும், கிடைக்காவிட்டால் அப்படியே நிற்கும். பத்தடிக் குழி தோண்டக் கம்ப்ரசர் வைத்து உடைக்க வேண்டியிருந்தால், அந்த இடத்தில் மண் இல்லை என்றே பொருள். அங்கேயும் அதே வரைபடம்தான் வருகிறது.

மண் சோதனை ஒரு நாள் வேலைதான். குழியின் அடி வரப்போகும் ஆழத்தில் நாலங்குல விட்டத்தில் துளை போட வேண்டும். கடப்பாரை பட்டு வழுவழுப்பான பக்கங்களைச் சுரண்டிவிட்டு, அடியில் இரண்டங்குலம் பொடிக்கல் போட்டு, மேலே ஓர் அடித் தண்ணீர் நிரப்பி இரவு முழுக்க ஊறவிட வேண்டும். மறுநாள் தண்ணீரை அரை அடிக்குச் சரிசெய்து, அரை மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தால் போதும். ஊறவிடாமல் காய்ந்த மண்ணில் அளந்தால் எந்த மண்ணும் நல்ல மண்ணாகத்தான் தெரியும். எங்களுக்குத் தெரிந்த பண்ணைகளில் இந்தச் சோதனையை யாரும் செய்யச் சொன்னதும் இல்லை, செய்து பார்த்ததும் இல்லை.

அடுத்தது, அந்த நீருக்குள் என்ன இருக்கிறது என்பது. செப்டிக் டேங்கின் அளவுக்கு நீங்கள் பார்க்கும் ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தரநிலை, பயன்படுத்தும் மனிதர்களின் எண்ணிக்கையை வைத்துத் தொட்டியின் நீள அகலம் சொல்கிறது. சில மதிப்பீடுகளில் அந்த எண்ணிக்கைக்கு எதிரே மாடுகளின் எண்ணிக்கையை எழுதியிருக்கிறார்கள். ஒரு மனிதர் ஒரு நாளில் சிறுநீரில் விடும் நைட்ரஜன் 10 கிராம் அளவு. மாட்டு மூத்திரத்தில் லிட்டருக்கு 5 முதல் 10 கிராம். குறைந்த கணக்கை எடுத்தால்கூட ஒரு மாட்டுக்கு 75 கிராம். இருபது மாடு என்றால் 150 பேர் குடியிருக்கும் தெருவின் சுமை. சாணம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

சாணம் செப்டிக் டேங்கில் முழுதாக மட்காது. மாட்டின் வயிற்றுக்குள் இருக்கும் நுண்ணுயிர்களாலேயே செரிக்க முடியாமல் வெளியே வந்த நார்தான் சாணத்தில் பெரும்பங்கு. வயிற்றில் ஆகாததைத் தொட்டி செய்து முடிக்காது. நார் மேலே மிதந்து தட்டாகக் காய்கிறது, மண்ணும் மணலும் கீழே படிகின்றன, நடுவில் நீர் ஓடும் இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. கவனமாக வழித்து எடுத்தாலும் பத்தில் ஒரு பங்கு சாணம் தண்ணீரோடு போகும். இருபது மாட்டுக்கு அது நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ, மாதத்துக்கு ஒரு டன். பத்தாயிரம் லிட்டர் தொட்டி கட்டியிருந்தாலும் ஐந்து மாதத்தில் பாதி தூர்ந்துவிடும். அதன் பிறகு உறிஞ்சுகுழிக்குப் போவது தெளிந்த நீரல்ல, சாணக் கரைசல்.

தண்ணீர் வரும் விதமும் வேறு. வீட்டில் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வரும். பண்ணையில் காலை அரை மணி, மாலை அரை மணி, ஒவ்வொரு முறையும் 600 லிட்டர் ஒரே வேகத்தில் பாயும். படிந்து கிடந்த வண்டலைக் கலக்கி அடுத்த அறைக்குத் தள்ள அதுவே போதும். அறைச் சுவரில் டி வடிவக் குழாய் வைக்காமல் வெறும் ஓட்டை விட்டிருந்தால் மேலே மிதக்கும் தட்டும் சேர்ந்து போகும். பாதிப் பண்ணைகளில் வெறும் ஓட்டைதான்.

பால் கழுவிய நீரைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும். கறவை இயந்திரம், கேன், குளிர்விக்கும் தொட்டி இவற்றைக் கழுவிய வெளிர்நீரைப் பார்த்து, 'இதில் என்ன இருக்கிறது, குழியில் விடுங்கள்' என்றுதான் ஆய்வுக்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள். பி.ஓ.டி. என்று நீங்கள் அறிக்கையில் எழுதும் அளவு, அதாவது அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், வீட்டுக் கழிவுநீரில் லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம். முழுப்பாலில் அது ஒரு லட்சம் மில்லிகிராம் அளவு. ஒரு லிட்டர் பால் வடிகாலில் போனால் இரண்டு மனிதர்களின் ஒரு நாள் கழிவுச் சுமை போனதாகக் கணக்கு. மடிநோய் கண்ட மாட்டின் பால் பத்து லிட்டரைக் கீழே ஊற்றினால் இருபது பேர். ஊரில் உள்ள 3,000 லிட்டர் குளிர்விப்புத் தொட்டியில் அரை விழுக்காடு பால் சுவரிலும் குழாயிலும் ஒட்டி நின்றால் 15 லிட்டர், அதாவது முப்பது பேர். பல சேகரிப்பு மையங்களும் இதே உறிஞ்சுகுழியைத்தான் நம்பியிருக்கின்றன.

பால் கொழுப்பு என்ன செய்கிறது என்று பாருங்கள். கறவை இயந்திரத்தைச் சூடான காரக் கரைசலில் கழுவும்போது கொழுப்பு கரைந்து நீரோடு நீராகப் போகும். தொட்டியைத் தாண்டிக் குழிக்குப் போய் ஆறியதும் திரும்ப உறையும். பசும்பாலில் 4 விழுக்காடு, எருமைப் பாலில் 6, 7 விழுக்காடு கொழுப்பு. உறைந்த கொழுப்பும் பால் புரதமும் நுண்ணுயிர்களும் சேர்ந்து குழிச் சுவரில் கரிய வழுவழுப்பான படலம் கட்டும். வீட்டுக் குழியிலும் இது உண்டாகும், ஆனால் ஆண்டுக் கணக்கில். இங்கே சில மாதங்களில். காரத்தில் உள்ள சோடியம் களிமண்ணின் கட்டுமானத்தைக் குலைத்து மண் துளைகளை இன்னும் அடைக்கும். கரிசலில் இது வேகமாகத் தெரியும். மிதக்கும் கொழுப்பைத் தடுத்து நிறுத்தும் சிறு தொட்டியான கொழுப்புப் பொறி வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். நீர் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு பொறிக்குள் போனால்தான் கொழுப்பு மேலே நிற்கும். சூட்டோடு விட்டால் பொறி வெறும் வழிதான்.

குளோரின் ஊற்றுவதால்தான் தொட்டி கெடுகிறது என்று பண்ணையாளர்கள் மீது பழி போடுவதும் உண்டு. 200 பி.பி.எம். (லிட்டருக்கு 200 மில்லிகிராம்) அளவில் கலந்த 50 லிட்டர் குளோரின் நீரில் இருப்பது 10 கிராம் குளோரின். தொட்டியில் இருக்கும் அழுக்கே அதை உடனே தின்றுவிடும். உண்மையான கேடு வேறு இடத்தில் இருக்கிறது. குளம்புக் குளியலுக்கு 5 விழுக்காடு மயில்துத்தம் கலந்த 100 லிட்டரைக் கொட்டினால் 5 கிலோ மயில்துத்தம் ஒரே நேரத்தில் தொட்டிக்குள் போகிறது. நுண்ணுயிரும் சாகும், அதிலுள்ள செம்பு மண்ணிலேயே தங்கும். ஆன்டிபயாட்டிக் போட்ட மாட்டின் பாலும் அப்படித்தான். உங்கள் அனுமதிக் கடிதங்களில் இவ்விரண்டைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. கடைகளில் பாக்டீரியா பொடி என்று பொட்டலம் விற்கிறார்கள். அடைத்துப்போன குழியை அந்தப் பொடி திறந்து நாங்கள் பார்த்ததில்லை.

இனி, கட்டிய பிறகு நடப்பது. முதல் மாதம் எல்லாம் சரியாக இருக்கும். ஆய்வுக்கு வருகிறவர் பார்ப்பதும் அந்த மாதத்தில்தான். மூன்றாம் மாதம் குழியில் மாலை ஏறிய நீர் காலையில் இறங்கியிருக்காது. பிறகு குழாய் வழியே தொட்டிக்குத் திரும்பி, கொட்டகைக் கால்வாயில் எதிரேறும். செப்டிக் டேங்க் லாரியைக் கூப்பிட்டால் ஒரு நடை எடுக்கும், அடுத்த வாரமே குழி மறுபடி நிரம்பும். நாளைக்கு 1,500 லிட்டர் வரும் இடத்துக்கு எத்தனை நடை கூப்பிட முடியும்? சாணத் தட்டு குழாயை அடைக்கிறது என்று லாரிக்காரர்களும் வர மறுப்பார்கள். அப்போதுதான் மேல் உறையில் ஓர் ஓட்டை போட்டு வாய்க்காலில் விடுவார்கள். வாய்க்கால் இல்லாதவர்கள் செய்வது அதைவிடக் கொடுமை: தண்ணீர் வற்றிப்போன போர்வெல்லுக்குள் குழாயை இறக்கிவிடுவார்கள். ஆயிரம் அடிவரை துளைத்துக் கைவிட்ட போர்வெல் எங்கள் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. கழிவுநீர் எதிலும் வடியாமல் நேரே பாறை வெடிப்புக்குள் போய்ச் சேரும் வழி அது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் ஓடையில் மட்டுமல்ல, கிணற்றில் கழிவை விடுவதையும் தடை செய்கிறது. செய்கிறவர் மீது நடவடிக்கை எடுங்கள், நாங்கள் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் வேலை செய்யாத குழியைக் கட்டாயமாக்கியது யார் என்பதையும் அந்தக் கோப்பிலேயே எழுதுங்கள்.

குழி அடைக்காமல் நன்றாகவே குடிக்கிறது என்றால் அது நல்ல செய்தி அல்ல. செப்டிக் டேங்க் நைட்ரஜனை எடுப்பதில்லை. அம்மோனியாவாக வெளியே வந்து, காற்றோட்டமுள்ள மண்ணில் நைட்ரேட்டாக மாறி, தண்ணீரோடு கீழே இறங்கும். பத்தடி ஆழத்தில் அதை உறிஞ்ச எந்தப் பயிரின் வேரும் இல்லை. இருபது மாட்டின் மூத்திரத்தில் குறைந்தது 1.5 கிலோ நைட்ரஜன். முழுவதும் மாறினால் 6.6 கிலோ நைட்ரேட். குடிநீரில் அனுமதி லிட்டருக்கு 45 மில்லிகிராம். அந்த எல்லைக்குள் வரும்படி அதைக் கரைத்து நீர்த்துப்போகச் செய்ய ஏறக்குறைய ஒன்றரை லட்சம் லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும், ஒவ்வொரு நாளும். நைட்ரஜனில் பாதி ஆவியாகிப் போனதாக வைத்தாலும் எழுபத்தைந்தாயிரம் லிட்டர். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு இந்த நைட்ரேட் இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாமல் செய்யும். காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவுதான் கூடும்.

ஆளுயிர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். பத்தடி ஆழத்தில் மூடி போட்ட குழியில் சாணமும் பாலும் அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு தேங்கும். மேலே இருக்கும் தட்டைக் கிளறும் நொடியில் அது மொத்தமாக வெளியேறும். அழுகிய முட்டை நாற்றம் திடீரென்று நின்றால் வாயு போய்விட்டது என்று அர்த்தமல்ல, மூக்கு மரத்துவிட்டது என்று அர்த்தம். இதே வாயு மேல்பலகையின் அடிப்பக்கத்தில் அமிலமாக மாறிக் கான்கிரீட்டை அரிக்கும். புளித்த பாலின் லாக்டிக் அமிலம் சுவரை அரிக்கும். மேலே பார்த்தால் கல் போலிருக்கும் மூடி, கீழே கம்பி தெரிய நிற்கும். மாடு மிதித்தால் உள்ளே. செப்டிக் டேங்குக்குள் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை, கையால் மலம் அள்ளும் பணியைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அடிக்கடி அடைக்கும் என்று தெரிந்தே ஆழக் குழிகளைப் பண்ணைக்குப் பண்ணை கட்டவைப்பது, அந்தச் சாவுகளுக்கு இடம் தயார் செய்வதுதான்.

சரி, வேறு என்ன வழி என்று கேட்பீர்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1,500 லிட்டரை ஓர் ஏக்கரில் பரப்பினால் அது நாளொன்றுக்கு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. நம் வெயிலில் தீவனப்புல் ஒரு நாளில் 4, 5 மில்லிமீட்டர் நீரைச் சாதாரணமாகக் குடிக்கும். குழிக்குள் தாங்காத நீர் புல்லுக்குப் போதவே போதாது. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், கோ-4 ஆனாலும் கோ-5 ஆனாலும், நைட்ரஜனை வாரித் தின்னும் பயிர். எங்கள் கணக்குப்படி இருபது மாட்டின் மூத்திரத்துக்கு ஒன்றரை ஏக்கர் புல் போதும். பெரும்பாலான பண்ணைகளில் அந்தப் புல் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு யூரியாவும் வாங்கிப் போடுகிறார்கள்.

செய்ய வேண்டியது கொட்டகையிலிருந்தே தொடங்குகிறது. ஓஸைத் தொடுமுன் சாணத்தை வழித்து எடுக்க வேண்டும். இது ஒன்றே கழுவும் நீரைப் பாதியாக்கும். தரை 50 அடிக்கு ஓர் அடி சாய்வு, கால்வாய் ஆழமில்லாமல் அகலமாக, மண்வெட்டி இழுக்கும்படி இருக்க வேண்டும். கால்வாய் முடியும் இடத்தில் அரை அங்குல இடைவெளியில் கம்பித் தடுப்பு. அதன் பிறகு இரண்டு அறை கொண்ட படிவுத் தொட்டி: இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், முக்கால் மீட்டர் நீராழம், வெளியேறும் இடத்தில் நீர்மட்டத்துக்கு ஓர் அடி கீழே இறங்கிய டி குழாய். அதற்குமேல் ஆழம் வேண்டாம் என்று வேண்டுமென்றே சொல்கிறோம். முக்கால் மீட்டர் தொட்டியை வெளியே நின்றபடியே வாரம் ஒருமுறை வாரிவிடலாம், யாரும் உள்ளே இறங்க வேண்டியதில்லை.

சாண எரிவாயுக் கலன் இருந்தால் வேலை இன்னும் எளிது. சாணத்துக்குச் சமமாகத் தண்ணீர் கலந்துதான் ஊற்ற வேண்டும். நல்ல தண்ணீருக்குப் பதில் படிவுத் தொட்டி நீரை ஊற்றினால் 350 கிலோ சாணத்துக்கு 350 லிட்டர் அங்கேயே செலவாகிவிடும். ஒரு கன மீட்டர் எரிவாயுக் கொள்ளளவுக்கு நாளுக்கு 25 கிலோ சாணம் என்பது கணக்கு. மயில்துத்தமும் ஆன்டிபயாட்டிக் பாலும் மட்டும் அதற்குள் போகக் கூடாது. கலனில் இருந்து வரும் குழம்பும் புல்லுக்கே போகட்டும்.

பால் பாத்திரம் கழுவும்போது முதல் அலசலை, வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில், தனி வாளியில் பிடித்துவிட வேண்டும். ஒட்டியிருக்கும் பாலில் பெரும்பகுதி அந்த ஒரு வாளியில் வந்துவிடும். கன்றுக்கு வைக்கலாம், இல்லையென்றால் எருக்குழியில் ஊற்றலாம். ஆன்டிபயாட்டிக் போட்ட மாட்டுடையதைக் கன்றுக்கு வைக்கக் கூடாது. அடுத்து வரும் கார, அமில நீரை ஆறவைத்துக் கழுவுநீரோடு சேர்க்கலாம்.

புல்லுக்கு விடுவதிலும் கட்டுப்பாடு வேண்டும், இல்லையென்றால் மேலே சொன்ன நைட்ரேட் இங்கேயும் இறங்கும். நிலத்தை ஆறு பாத்தியாகப் பிரித்துச் சுற்றில் விட வேண்டும். புல் வெட்டிய முதல் மூன்று வாரத்தில் மட்டும் விட்டு, அடுத்த வெட்டுக்கு முன் மூன்று வாரம் நிறுத்த வேண்டும். கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் நூறடி தள்ளியே இருக்க வேண்டும். மூத்திரம் தனியாகப் போனால் புல் கருகும், பாசன நீரோடு கலந்தே விட வேண்டும். சொட்டுநீர்க் குழாயில் விடாதீர்கள், ஒரே வாரத்தில் அடைக்கும். இரண்டரை அங்குலக் குழாயும் சேற்று மோட்டாரும் போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலம் சொதசொதவென்று கிடக்கும்போது விட முடியாது. அதற்காகப் பதினைந்து நாள் நீர் கொள்ளும் சேமிப்புத் தொட்டி தேவை. 1,500 லிட்டருக்கு 22,500 லிட்டர். ஆறு மீட்டருக்கு மூன்று மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழம், மேலே ஒரு சாண் விட்டு நிரப்பலாம். சுற்றிலும் வேலி, மேலே கம்பிவலை, கசியாத பூச்சு கட்டாயம். கூரைத் தண்ணீரை அதில் சேரவிடவே கூடாது. 200 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர், ஏறக்குறைய ஒரு வாரக் கழிவுநீருக்குச் சமம். ஒரு தகரத் தாழ்வாரக் குழாய் இதைத் தடுத்துவிடும். அதை எந்த வரைபடத்திலும் காணோம்.

நிலமே இல்லாத, ஊரோரப் பண்ணைகளுக்கு இது பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். அவர்கள் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டு டேங்கரில் அனுப்ப வேண்டும். அதுவும் முடியாத இடத்தில் மாடுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் நேர்மையான வழி, அதை எங்களுக்குள்ளேயே சிலர் ஏற்கமாட்டார்கள். மாறாக, இரண்டு மாடு, மூன்று மாடு வைத்திருக்கும் குடும்பங்களுக்குத் தொட்டியே தேவையில்லை. தென்னை நார்க்கழிவு தன் எடையைப் போல ஐந்து மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். மாட்டுக்கு மூன்று கிலோ பரப்பினால் ஒரு நாள் மூத்திரம் அதிலேயே நின்றுவிடும், பிறகு எருக்குழிக்குப் போகும். அந்த வீடுகளுக்கும் செப்டிக் டேங்க் நோட்டீஸ் அனுப்பியிருப்பது எந்தக் கணக்கில் என்று எங்களுக்குப் புரியவில்லை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பால் பண்ணைகளுக்கும் கோசாலைகளுக்கும் 2020இல் வழிகாட்டுதல் வெளியிட்டு, 2021இல் திருத்தியும் கொடுத்திருக்கிறது. சாணத்தை எருவாகவும் எரிவாயுவாகவும் மாற்றுவதுதான் அதன் போக்கு. கீழே வரும்போது அது ஒரு தொட்டியும் ஒரு குழியுமாகச் சுருங்கிவிடுகிறது. வரைபடத்தில் வரைவதற்கும், படம் எடுத்துக் கோப்பில் வைப்பதற்கும் அவை வசதி என்பதைத் தவிர வேறு காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

மாட்டுக் கொட்டகை நீருக்கும் பால் கழுவும் நீருக்கும் செப்டிக் டேங்க், உறிஞ்சுகுழி கட்டாயம் என்ற நிபந்தனையை அனுமதிக் கடிதங்களிலிருந்தும் மாதிரி மதிப்பீடுகளிலிருந்தும் நீக்குங்கள். பண்ணை வேலையாட்களின் கழிப்பறைக்கு மட்டும் அது இருக்கட்டும். அந்தக் கழிப்பறை நீர் பண்ணை நீரோடு எங்கும் சேரக் கூடாது என்பதை நிபந்தனையாகவே எழுதுங்கள்.

ஏற்கெனவே அனுப்பிய நோட்டீஸ்களின் கெடுவை, மாற்று ஏற்பாட்டைக் கட்டி முடிக்கும்வரை நிறுத்திவையுங்கள். அதுவரை ஓடையிலோ வாய்க்காலிலோ விடுகிறவர்களுக்கு இந்தச் சலுகை வேண்டாம்.

படிவுத் தொட்டி, பதினைந்து நாள் சேமிப்புத் தொட்டி, கூரைநீர்க் குழாய், புல் நிலத்துக்குப் போகும் குழாய், சேற்று மோட்டார் ஆகியவற்றைக் கடனுக்கும் மானியத்துக்கும் தகுதியான செலவாகச் சேருங்கள். இப்போது குழிக்குத் தரும் பணத்தை இவற்றுக்குத் தந்தால் போதும். மாட்டு எண்ணிக்கைக்குத் தக்க புல் நிலம் சொந்தமாகவோ எழுத்து ஒப்பந்தத்திலோ இருக்கிறதா என்று அனுமதிக்கு முன் பாருங்கள்.

மண்ணுக்குள் விடும் எந்த ஏற்பாட்டுக்கும், எங்கே யார் கேட்டாலும், ஊறவைத்துச் செய்த மண் சோதனையின் அளவு கோப்பில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

குளம்புக் குளியல் மயில்துத்தக் கரைசலையும் ஆன்டிபயாட்டிக் பாலையும் எப்படி அகற்றுவது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி, கால்நடை மருந்தகங்களிலும் பால் சேகரிப்பு மையங்களிலும் ஒட்டுங்கள்.

ஐந்து மாட்டுக்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு எருக்குழியும் நார்க்கழிவுப் படுக்கையும் போதும் என்று எழுத்தில் அறிவியுங்கள்.

கைவிட்ட போர்வெல்களைக் கணக்கெடுத்து மூடுங்கள். பண்ணைகளுக்கு முந்நூறு அடிக்குள் இருக்கும் குடிநீர்க் கிணறுகளிலும் போர்வெல்களிலும் கோடையில் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை நைட்ரேட் அளவைப் பார்த்து ஊராட்சிப் பலகையில் எழுதிவையுங்கள்.

கடைசியாக ஒன்று. ஆய்வைக் கட்டி முடித்த மாதத்தோடு நிறுத்தாதீர்கள். ஆறாம் மாதம், காலைக் கழுவல் முடிந்த நேரத்தில், முன்கூட்டிச் சொல்லாமல் வாருங்கள். இந்த மடலில் கையெழுத்திட்ட எங்கள் பண்ணைகளிலிருந்தே தொடங்கலாம். தொட்டி மூடியைத் திறந்துவைக்கிறோம், புல் நிலத்தையும் கிணற்றையும் காட்டுகிறோம், தண்ணீர் மாதிரி எடுத்துப் போங்கள். இந்தக் கோரிக்கைகளுக்கு ஏற்பு, மறுப்பு எதுவானாலும் காரணத்தோடு 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தரக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கறவை மாட்டுப் பண்ணையாளர்கள், கொத்தனார்கள், குழாய்ப் பணியாளர்கள்
கொங்கு மாவட்டங்கள்